சதுப்புநிலத்திலிருந்து கோழிக் கொட்டகைக்கு: அந்தக் கடைசி நூறு மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா சந்தையில் கோழிக்கடைக்கு முன்னால் நிற்கிறீர்கள். "குழம்புக்கு வெட்டவா, பிரியாணிக்கு வெட்டவா?" என்று கடைக்காரர் கேட்கிறார். பக்கத்துக் கடையில் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு தட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சிராங்கூன் சாலையைக் கடந்து வீடு திரும்புகிறீர்கள்.

அந்த முட்டைகள் மலேசியாவிலிருந்து வந்திருக்கலாம். நம் தீவின் வடமேற்கே உள்ள லிம் சூ காங்கில் இடப்பட்டவையாகவும் இருக்கலாம். அண்மை ஆண்டுகளில் நாம் உண்ணும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்ப் பண்ணைகளே தந்திருக்கின்றன.

இப்போது வரைபடத்தில் லிம் சூ காங்கைப் பாருங்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, கிராஞ்சிப் பக்கத்தில், சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வாக்கில் ரஷ்யா, சீனா போன்ற வடக்கு நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கரையோரப் பறவைகள் அங்கு வந்து இறங்குகின்றன. சேற்றில் புழு பூச்சி தேடித் தின்று, மார்ச் வாக்கில் மறுபடியும் வடக்கே பறக்கின்றன.

ஒரு பக்கம் உலகம் சுற்றும் காட்டுப் பறவைகள். சில கிலோமீட்டர் தள்ளி, கொட்டகைக்குள் அடைபட்ட முட்டைக்கோழிகள். பறவைக் காய்ச்சல் கிருமி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக முடியுமா? போகுமானால் எந்த வழியாக? இந்தக் கேள்விக்கு அறிவியலாளர்கள் எப்படி விடை தேடுகிறார்கள் என்பதே இந்த வாரப் பாடம்.

கிருமியின் சொந்த வீடு எது?

பறவைக் காய்ச்சல் என்பது 'இன்புளுவென்சா ஏ' வைரசால் வருவது. அதன் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. ஒன்று ஹீமக்ளூட்டினின், சுருக்கமாக 'எச்'. மற்றொன்று நியூராமினிடேஸ், சுருக்கமாக 'என்'. பறவைகளில் எச் வகைகள் 16, என் வகைகள் 9 என நீண்டகாலமாக அறியப்பட்டுள்ளன. செய்தியில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் எச்5என்1 என்ற பெயர் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

இந்த வைரஸ்களின் சொந்த வீடு கோழி அல்ல. வாத்து, கடற்காகம், உள்ளான் போன்ற நீர்ப்பறவைகளே அதன் இயல்பான வீடு. அவற்றின் குடலில் வைரஸ் வளர்கிறது. எச்சத்தோடு நீரில் கலக்கிறது. அதே நீரைக் குடிக்கும் அடுத்த பறவைக்குப் போகிறது. பெரும்பாலான வகைகள் அந்தப் பறவைகளுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. குடியிருப்பவர் வீட்டை இடிப்பதில்லை அல்லவா? அப்படித்தான்.

நீரின் வெப்பம் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. 22 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் வைரஸ் சுமார் 4 நாள் தாக்குப்பிடிக்கும். 0 பாகையில் 30 நாளுக்கும் மேல் உயிர்ப்போடு இருக்கும். நம் ஊர்க் குளங்கள் ஆண்டு முழுவதும் இதைவிட வெதுவெதுப்பானவை. குளிர்நாட்டு ஏரிகளில் திரளும் வலசை வாத்துக் கூட்டங்களும் இங்கே அதிகம் வருவதில்லை. நமக்கு வருபவை பெரும்பாலும் கரையோரப் பறவைகள். சிங்கப்பூருக்கு இயற்கையே தந்த இரண்டு பாதுகாப்புகள் இவை. ஆனால் இவற்றை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

சாது எப்படிக் கொலைகாரனாகிறது?

எச் புரதம் வேலை செய்ய வேண்டுமானால், அதை ஓர் இடத்தில் வெட்டிவிட வேண்டும். வெட்டும் கத்தரி வைரசிடம் இல்லை. பறவையின் உடலில் உள்ள நொதிதான் கத்தரி. சாதுவான வகைகளுக்குப் பொருந்தும் கத்தரி பறவையின் குடலிலும் சுவாசக் குழாயிலும் மட்டுமே கிடைக்கிறது. அதனால் தொற்று அங்கேயே நின்றுவிடுகிறது.

எச்5, எச்7 ஆகிய இரு வகைகள் கோழிகளுக்குள் புகுந்து பரவும்போது, வெட்டும் இடத்தில் சில எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதுண்டு. அப்போது உடலின் எல்லா உயிரணுக்களிலும் உள்ள வேறொரு கத்தரி அதை வெட்டத் தொடங்குகிறது. மூளை, இதயம், ஈரல் என எங்கும் வைரஸ் பெருகுகிறது. இதைத்தான் 'கடுமையான பறவைக் காய்ச்சல்' என்கிறோம். ஒரு கொட்டகையில் புகுந்தால் இரண்டே நாளில் பத்தில் ஒன்பது கோழிக்கு மேல் மடியக்கூடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொல்லும் குணம் பெரும்பாலும் பிறப்பது காட்டில் அல்ல. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிகளிடையேதான். இன்று உலகைச் சுற்றும் எச்5 வைரஸ்களின் மூதாதை, 1996இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு வளர்ப்பு வாத்திடம் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் உயிர்க்கோழிச் சந்தைகள் வழியாக 18 பேருக்குத் தொற்றியது. 6 பேர் இறந்தனர். நகரத்தின் கோழிகள் அனைத்தையும் கொன்ற பிறகே அங்கு அது அடங்கியது.

ஆகவே "காட்டுப் பறவை நோயைக் கொண்டுவருகிறது" என்பது பாதிக் கதை. சாதுவான வைரஸ் காட்டிலிருந்து பண்ணைக்கு வந்தது. கொடியதாக மாறிப் பண்ணையிலிருந்து காட்டுக்குத் திரும்பியது. வாசல் இரண்டு பக்கமும் திறக்கும் வாசல்.

சிங்காய் ஏரியும் நம் செங்கால் உள்ளானும்

பண்ணை வைரஸ் காட்டுக்குத் திரும்பியதை உலகம் கண்கூடாகக் கண்டது 2005இல். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, திபெத்தியப் பீடபூமியில் உள்ள சிங்காய் ஏரியில் 6,000க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் எச்5என்1 தாக்கி இறந்தன. இறந்தவற்றில் மிகுதி பட்டைத்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டிப் பறப்பதற்குப் பெயர்பெற்ற இந்த வாத்தினம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருவதுண்டு. சிங்காயில் காணப்பட்ட அந்த வைரஸ் வம்சம் பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பரவியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில், இந்தியாவின் முதல் எச்5என்1 பரவல் பதிவானது.

இதில் சிங்கப்பூருக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் தேசியப் பூங்காக் கழக ஆய்வாளர்கள் சுங்கை பூலோவில் பறவைகளைப் பிடித்து, சின்னஞ்சிறு தடமறி கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். அதன் முடிவு 2020இல் வெளியானது. இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் செங்கால் உள்ளான்களில் சில, இமயமலையை நேராகத் தாண்டி சிங்காய்-திபெத் பீடபூமிக்குப் போய் முட்டையிடுகின்றன. வளைந்த நீண்ட அலகுள்ள விம்பிரல் பறவை ஒன்றும் இமயத்தைக் கடந்து ரஷ்யா போய்ச் சேர்ந்தது. தென்கிழக்காசியாவில் தங்கும் கரையோரப் பறவைகள் இமயத்தைத் தாண்டுவது அதுவரை தெரியாத செய்தி.

அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த உள்ளான்கள் வைரசைச் சுமந்தன என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. பாதை இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பாதை இருப்பது வேறு. அந்தப் பாதையில் வைரஸ் நடந்தது என்று காட்டுவது வேறு. ஆய்வாளரின் உழைப்பெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதில்தான் போகிறது.

எத்தனை பறவையைப் பிடித்தால் போதும்?

முதல் வேலை மாதிரி எடுப்பது. பறவைகள் நடமாடும் இடத்தில், கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய வலையைக் கட்டுகிறார்கள். சிக்கிய பறவையை மெதுவாக விடுவித்து, எடையும் சிறகின் நீளமும் குறித்து, காலில் வளையம் மாட்டுகிறார்கள். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையிலும் மலவாயிலும் துடைத்து எடுக்கிறார்கள். குச்சியைப் பாதுகாப்புத் திரவத்தில் இட்டுக் குளிரிலேயே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சூடு பட்டால் வைரஸ் சிதைந்துவிடும். இருந்தும் இல்லை என்று விடை வரும். புதிய எச்சம், குளத்து நீர், இறந்து கிடக்கும் பறவைகள் ஆகியவையும் மாதிரிகளே.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுப்புநிலத்தில் நூற்றுக்கு ஒரு பறவையிடம் வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 100 பறவைகளைப் பிடித்துச் சோதிக்கிறீர்கள். ஒன்றாவது அகப்படும் என்று தோன்றுகிறது அல்லவா? ஒரு பறவையிடம் வைரஸ் இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.99. நூறு பறவைகளிடமும் இல்லாதிருக்கும் வாய்ப்பு, 0.99ஐ நூறு முறை பெருக்கினால் வருவது. கணிப்பானில் போட்டுப் பாருங்கள்: 0.37. அதாவது வைரஸ் இருந்தும், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் "ஒன்றுமில்லை" என்றே விடை வரும்.

தவறும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டுமானால் சுமார் 300 பறவைகள் வேண்டும். இதனால்தான் ஒரு நாள், ஓர் இடம், ஒரு முறை என்று இந்த வேலை முடிவதில்லை. பருவந்தோறும், ஆண்டுதோறும் செய்கிறார்கள். "கிடைக்கவில்லை" என்ற விடைக்கு மதிப்பு, எத்தனை முறை தேடினோம் என்பதைப் பொறுத்தது.

ஆய்வுக்கூடத்தில் முதலில் பிசிஆர் சோதனை. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே முறைதான். முதலில் எல்லா இன்புளுவென்சா ஏ வகைக்கும் பொதுவான மரபணுவைத் தேடுவார்கள். இருந்தால், எச்5 வகையா, எச்7 வகையா என்று பார்ப்பார்கள். வைரசை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால், 9 முதல் 11 நாள் வளர்ந்த கருவுள்ள கோழிமுட்டைக்குள் மாதிரியைச் செலுத்துவார்கள். கோழியைக் காக்கும் ஆய்வுக்கு இன்றும் கோழிமுட்டைதான் கைகொடுக்கிறது. பறவையின் இரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. வைரஸ் போன பிறகும், "ஒரு காலத்தில் வந்து போனது" என்று அது சாட்சி சொல்லும்.

நீங்களே துப்பறியுங்கள்

அடுத்தது மரபணு வரிசையைப் படிப்பது. இந்த வைரசின் மரபுக்குறிப்பு எட்டுத் துண்டுகளாக, மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள் கொண்டது. அது பெருகும்போது எழுத்துப்பிழை விட்டுக்கொண்டே போகும். தோராயமாக மாதத்துக்கு மூன்று நான்கு எழுத்துகள் மாறுவதாகக் கொள்ளலாம். ஒரே கடிதத்தைப் பலர் கையால் நகலெடுத்தால், யார் பிழையை யார் தொடர்ந்தார் என்று பார்த்து யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று சொல்லிவிடலாம். அதே தந்திரம்தான் இங்கும்.

ஒரு கற்பனை வழக்கு. ஒரு நாட்டில் அ, ஆ என்று இரண்டு கோழிப் பண்ணைகள். இரண்டிலும் ஒரே மாதத்தில் நோய். பக்கத்து ஏரியில் காட்டு வாத்துகளிடமும் வைரஸ் கிடைத்திருக்கிறது.

முதல் நிலைமை: அ பண்ணை வைரசும் ஆ பண்ணை வைரசும் 2 எழுத்துகளில் மட்டும் வேறுபடுகின்றன. இரண்டுமே ஏரி வைரசிலிருந்து 12 எழுத்துகள் தள்ளி நிற்கின்றன.

இரண்டாம் நிலைமை: அ பண்ணை வைரஸ் ஒரு காட்டு வாத்தின் வைரசிலிருந்து 3 எழுத்து வேறுபாடு. ஆ பண்ணை வைரஸ் இன்னொரு காட்டு வாத்தின் வைரசிலிருந்து 4 எழுத்து வேறுபாடு. ஆனால் அ வைரசுக்கும் ஆ வைரசுக்கும் இடையே 45 எழுத்து வேறுபாடு.

அடுத்த பத்தியைப் படிக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு நிலைமையிலும் நீங்கள் எதைத் தடுப்பீர்கள்?

முதல் நிலைமையில் வைரஸ் ஒரே ஒரு தடவை பண்ணை உலகத்துக்குள் நுழைந்து, பிறகு பண்ணையிலிருந்து பண்ணைக்குப் போயிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். தீவன லாரி, முட்டைத் தட்டு, இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். ஏரியில் வாத்தைச் சுடுவதால் பயனில்லை. இரண்டாம் நிலைமையில் வைரஸ் காட்டிலிருந்து தனித்தனியாக இரண்டு தடவை நுழைந்திருக்கிறது. லாரியை நிறுத்தினால் மட்டும் போதாது. கொட்டகையை அடைக்க வேண்டும், குடிநீரைச் சுத்திகரிக்க வேண்டும். விடை தவறினால் செலவெல்லாம் தவறான கதவைப் பூட்டுவதில் போய்விடும்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2014-15இல் பரவியபோது சுமார் 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தன. அப்போது பரவலில் பெரும்பகுதி பண்ணையிலிருந்து பண்ணைக்கு நடந்தது. 2022இல் மறுபடி வந்தபோது, பெரும்பாலான பண்ணைகளுக்குக் காட்டுப் பறவைகள் வழியே தனித்தனியாக வந்தது. நாடு ஒன்று, நோய் ஒன்று, வழி வேறு.

வரைபடமும் ஒரு கருவிதான். தாய்லாந்தில் 2004க்குப் பிறகு நோய் வந்த இடங்களை ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேயவிடும் வாத்து மந்தைகள் எங்கே மிகுதியோ, அங்கே நோயும் மிகுதியாக இருந்தது. வயலில் இறங்கும் காட்டுப் பறவைக்கும் வீட்டுக் கோழிக்கும் நடுவே மேய்ச்சல் வாத்து பாலமாக நிற்கிறது. கேரளத்தின் குட்டநாட்டிலும் வாத்துகள் வயலிலும் வாய்க்காலிலும்தான் மேய்கின்றன. 2014 முதல் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களின் வாத்துப் பண்ணைகள் இந்த நோயால் பலமுறை அடிபட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தமிழக எல்லையான வாளையாறில் வாகனச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாமக்கல் முட்டைப் பண்ணைகள் இருக்கின்றன என்பதே அந்தக் கவலைக்குக் காரணம்.

கடைசி நூறு மீட்டர்

வைரஸ் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்தே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது இப்போது சேற்றில் ஒரு துளி எச்சத்தில் இருக்கிறது. உள்ளானோ காட்டு வாத்தோ கோழிக் கொட்டகைக்குள் நுழைந்து கோழியோடு உட்காருவதில்லை. அப்படியானால் சேற்றிலிருந்து கோழியின் அலகு வரை, அந்தக் கடைசி நூறு மீட்டரை வைரஸ் எப்படிக் கடக்கிறது?

முதல் வழி, நீர். குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் கோழிக்குக் கொடுத்தால் வைரஸ் குழாய் வழியாகவே உள்ளே போகிறது.

இரண்டாவது, காலணியும் சக்கரமும். எச்சம் கலந்த ஈரமண் காலணியின் அடியில் ஒட்டிக்கொண்டு, கொட்டகைத் தரை வரை வருகிறது.

மூன்றாவது, இடைத்தரகர்கள். மைனா, சிட்டுக்குருவி, காகம், எலி ஆகியவை நீர்நிலைக்கும் போகும், கோழித் தீவனத்துக்கும் வரும். தாங்களே நோயுறாவிட்டாலும் காலிலும் இறகிலும் சுமந்து வரலாம். லிட்டில் இந்தியாவில் நாம் அன்றாடம் காணும் புறாக்கள் இந்த வைரசுக்கு எளிதில் ஆட்படுவதில்லை. ஆனால் கால் அழுக்கைச் சுமப்பதற்கு நோயுற வேண்டும் என்பதில்லையே.

நான்காவது, மனிதரின் வாங்கல் விற்றல். இதுதான் பல நேரங்களில் மிக வேகமான வழி. 2004 ஆகஸ்டில் மலேசியாவின் கிளந்தானில் கிராமத்துக் கோழிகளிடம் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. தாய்லாந்திலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் மீதே அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். சிறகு இருந்தும் அந்தச் சேவல்கள் பறந்து வரவில்லை. மனிதரே சுமந்து வந்தார்கள். அன்று சிங்கப்பூர் மலேசியக் கோழிக்கும் முட்டைக்கும் தடை விதித்தது. எல்லைக்கு அப்பால் ஒரு மாநிலத்தில் நடந்தது, தேக்காவின் கோழிக்கடை வரை எட்டியது.

நம் தீவில் போட்ட பூட்டுகள்

சிங்கப்பூரின் கோழிப் பண்ணைகளில் கடுமையான பறவைக் காய்ச்சல் இதுவரை பரவியதில்லை. அதற்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமல்ல. அந்த நூறு மீட்டரில் பல பூட்டுகள் போடப்பட்டிருக்கின்றன.

முட்டைப் பண்ணைகளின் கொட்டகைகளுக்குள் வெளிப்பறவை நுழையாதபடி அடைப்பு இருக்க வேண்டும். உள்ளே வரும் வண்டிக்கும் ஆளுக்கும் கிருமிநீக்கம் உண்டு. வெளியார் நினைத்தபோது உள்ளே போய்விட முடியாது. உயிர்க்கோழியைச் சந்தையில் வைத்து விற்று, அங்கேயே அறுக்கும் வழக்கம் 1990களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது. கூண்டைக் காட்டி "அந்தச் சேவலைப் பிடிங்க" என்று சொல்லி வாங்கிய காலத்தைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். பல ஊர்ச் சந்தைகளில் வைரஸ் கைமாறும் இடமே உயிர்க்கோழிக் கூண்டுதான். அது இங்கே இல்லை. இறக்குமதியாகும் உயிர்க்கோழிகள் சோதனைக்குப் பிறகு அறுப்புக் கூடத்துக்கே நேராகப் போகின்றன.

பண்ணைக் கதவுக்கு வெளியே இருக்கும் கோழிகளின் கதை இவ்வளவு எளிதல்ல. 2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் சுதந்திரமாகத் திரிந்த 24 கோழிகளை அப்போதைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடித்துக் கொன்றது. சேவல் கூவும் சத்தம் பற்றிக் குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். திரியும் கோழிகளால் பறவைக் காய்ச்சல் ஆபத்து உண்டு என்றும் ஆணையம் சொன்னது. செய்தி வெளியானதும் பலர் வருந்தினார்கள், சிலர் கோபப்பட்டார்கள். நம் தீவில் மிச்சமிருக்கும் சிவப்புக் காட்டுக்கோழி இனமோ அவை என்ற கேள்வியும் எழுந்தது. காட்டுக்கோழிதான் நம் வீட்டுக்கோழியின் மூதாதை. இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கும். எனவே பார்த்தவுடன் இது அது என்று சொல்வது கடினம்.

இந்தப் பாடத்தைப் படித்த உங்களுக்கு இப்போது அந்த விவாதத்தின் இரண்டு பக்கமும் புரியும். வெளியே திரியும் கோழி ஒரு பாலமாகக்கூடும் என்பது உண்மை. எந்தப் பாலமும் இரண்டு முனையிலும் கரையைத் தொட்டால்தான் பாலம் என்பதும் உண்மை. அருகில் வைரஸ் உள்ள நீர்நிலை இருக்கிறதா, அருகில் பண்ணை இருக்கிறதா, நடுவே யார் போய் வருகிறார்கள் என்று அளந்து பார்த்துத்தான் ஆபத்தைச் சொல்ல வேண்டும். அளக்காமல் பயப்படுவதும் அளக்காமல் அலட்சியப்படுத்துவதும் ஒரே வகைத் தவறுதான்.

ஏன் இதெல்லாம் அவசரம்?

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. எச்5என்1 வைரசின் ஒரு கிளை 2021 இறுதியில் அட்லாண்டிக்கைத் தாண்டி வட அமெரிக்காவை அடைந்தது. 2022இல் தென் அமெரிக்கா, 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிகா நிலப்பரப்பு. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கப் பால் மாடுகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. நமக்கு அருகே கம்போடியாவில், 2023 முதல் மனிதர்களுக்கும் தொற்று பதிவாகி வருகிறது; பெரும்பாலும் வீட்டில் நோயுற்ற அல்லது செத்த கோழியைக் கையாண்டவர்கள். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட எச்5என்1 மனிதத் தொற்றுகள் 900க்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவும் திறன் இந்த வைரசுக்கு இன்னும் வரவில்லை. கோழியிடம் போகும் ஒவ்வொரு வாய்ப்பும், மனிதருக்கு அருகே வரும் ஒரு வாய்ப்பு. அதனால்தான் காட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவிலேயே அதை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

உங்கள் பங்கு

நீங்கள் கோழிப் பண்ணை வைத்திருக்கவில்லை. ஆனாலும் அந்த நூறு மீட்டரில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு.

புளோக்கின் கீழே புறாவுக்கும் மைனாவுக்கும் சோறு போடாதீர்கள். காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். மேலும், உணவு கிடைக்கும் இடத்தில் பறவைகள் நெருங்கித் திரள்கின்றன. நெருக்கம் எந்தத் தொற்றுக்கும் வசதி.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஓரிடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். சிங்காய் ஏரியில் உலகுக்கு முதல் எச்சரிக்கையே கரையில் கிடந்த பறவைகள்தான்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாசத்தோடு கட்டிக்கொடுக்கும் நாட்டுக்கோழி முட்டையையோ கறியையோ அனுமதியின்றிக் கொண்டுவராதீர்கள். ஊரில் கோழிக்கூட்டில் நின்ற காலணியைக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கோழியையும் முட்டையையும் சாப்பிடுவதில் பயம் வேண்டாம். 70 பாகை செல்சியசில் நன்றாகச் சமைத்தால் வைரஸ் அழிந்துவிடும். கொதிக்கும் குழம்பு அதைவிடச் சூடு. நோய் பரவியிருக்கும் நாட்டுக்குப் பயணம் போனால் மட்டும், கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை ஆசையை நாடு திரும்பும் வரை தள்ளி வையுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுங்கை பூலோவுக்குப் போய் வாருங்கள். செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே போனால் நல்லது. நீர் வடியும் நேரத்தில் மறைவிடத்தில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தால், சிவந்த கால்களோடு சேற்றில் நடக்கும் உள்ளானைக் காணலாம். அதன் காலில் ஒரு வளையம் தெரிந்தால், யாரோ ஒருவர் அதைக் கையில் ஏந்தி, குச்சியால் துடைத்து, எண் குறித்து, பறக்கவிட்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பறவை இமயத்தைத் தாண்டுவதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. தடுக்க வேண்டிய தூரம் நூறு மீட்டர்தான். அதன் பூட்டும் சாவியும் நம் கையில் இருக்கின்றன.